மீதி மெமரி

தன்னிடம் பொறாமை என்று ஒன்று இருப்பதே நிலவனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. தெரியவைத்தது ஒரு கொழுக்கட்டை டப்பா.

சங்கடஹர சதுர்த்திக்குப் பொம்மைப் பட்டறைக்கார அமுதவள்ளி வீட்டில் செய்த கொழுக்கட்டை அது. நான்கு வருஷமாக அந்த டப்பா டிசைன் கூடத்துக்குள் வந்தால் நேராக ஏசி அறைக்குத்தான் வரும். "நெலவண்ணே, சூடா இருக்குது, மொதல்ல நீங்க எடுங்க" என்று அவளே மூடியைத் திறந்து நீட்டுவாள். அன்றைக்கு டப்பா, புதிதாக உதவிக்கு வந்த பிரியம்வதாவிடம் போய் நின்றது. அங்கிருந்து மேசை மேசையாகச் சுற்றியது. கடைசியில் கூடத்தில் வேலை செய்யும் சேரன் கொண்டுவந்து வைத்தபோது, வயிறு வெடித்துப் பூரணம் வழிந்த ஒன்று மட்டும் மூலையில் கிடந்தது.

"ஒண்ணுதான் மிச்சம்ணே. ஒங்க பேரு போட்டிருக்குது அதுல" என்றான் சேரன்.

நிலவன் சாப்பிட்டார். இனிப்பாகத்தான் இருந்தது. மிச்சம் என்ற சொல்தான் கசந்தது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் டிசைன் கூடம் அது. ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், கையகலத்தில் ஒரு பெட்டி. அவ்வளவுதான். உண்மையான கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது ஏசி அறைக்குள் அலமாரி மாதிரி நின்றுகொண்டிருக்கும் சர்வர். ஆறு பேரும் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்து பொம்மைக்கும் குவளைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் உருவம் செய்வார்கள். உருவம் சரியாக வந்தபிறகுதான் அச்சு, களிமண், சூளை எல்லாம். அந்த சர்வருக்குக் காவல் நிலவன்.

செய்த உருவத்தைத் திரையில் நாலா பக்கமும் சுழற்றிப் பார்ப்பதற்கென்று சர்வருக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. அதற்குத் தனியாகப் பதினாறு ஜிபி மெமரி. யாருக்கு எவ்வளவு என்று முன்பெல்லாம் ஒரு வரம்பும் கிடையாது. எவர் முதலில் பெரிய உருவத்தைத் திறக்கிறாரோ அவர் அள்ளிக்கொள்வார். மற்றவர்கள் திரை அப்படியே உறைந்து நிற்கும். உடனே கூடம் முழுக்க ஒரே குரல்.

"நெலவண்ணே!"

நிலவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வருவார். "யாரு பெரிய பொம்மை தொறந்தது? கையத் தூக்கு" என்பார். சிரிப்பு எழும். ஒருவரை மூடச் சொல்வார், ஒருவரைப் பொறுக்கச் சொல்வார், ஏசி அறைக்குள் போய் நாலு தட்டு தட்டுவார். திரைகள் உயிர்பெறும். "அண்ணன் கை பட்டா சரியாயிடும்" என்பார்கள். அமுதவள்ளி தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது இந்தத் திருவிழா நடக்கும்.

தை பிறந்ததும் சங்கச் செயலாளர் பூவராகன், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பெண்ணை உதவிக்கென்று கொண்டுவந்து சேர்த்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் இதே வேலை பார்த்தவள். பெயர் பிரியம்வதா. வந்த வாரமே அவள் கேட்டாள்:

"அண்ணா, ஒருத்தர் பெரிசா தொறந்தா மத்தவா ஏன் நிக்கணும்? ஆளுக்கு இவ்வளவுன்னு வரம்பு வெச்சுடலாமே."

"வெச்சுப் பாரு" என்றார் நிலவன், வராது என்ற தைரியத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூப்பிட்டாள். நல்லூரில் ஒரு கல்யாணம் என்று சாக்குச் சொல்லி அவர் வரவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. ஆறு மேசைக்கும் ஆளுக்கு இரண்டு ஜிபி. நான்கு ஜிபி யாருக்கும் இல்லாமல் தனியாக நின்றது.

"அந்த மீதி ஒங்க கையிலண்ணா" என்றாள் பிரியம்வதா. "யாருக்குப் பெரிய வேலை வருதோ அவங்களுக்கு நீங்க ஏத்திக் குடுங்க. ஒங்க சீட்டுலேர்ந்து மட்டும்தான் மாத்த முடியும்."

எல்லாவற்றையும் தானே பங்கு போட்டுவிட்டு, மிச்சம் மீதியை நம் பக்கம் தள்ளுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கூடத்தில் ஒரு திரையும் நிற்கவில்லை. ஒரு குரலும் எழவில்லை. நிலவன் ஏசி அறையில் உட்கார்ந்து ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தால் அமுதவள்ளி "பிரியா கண்ணு, இங்க வா, இந்த சாமிக் குடைய பாரு" என்று அந்தப் பெண்ணைக் கைதட்டிக் கூப்பிடுவாள். டீ வந்தது, ஆனால் டீக்கடைக்காரரே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"ஒங்களுக்கு இப்ப பென்ஷன் மாதிரிண்ணே" என்று சேரன் ஒருநாள் கதவைத் திறந்து சொன்னான். "வேல இல்ல, சம்பளம் உண்டு, ஏசி உண்டு."

நிலவன் சிரித்தார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்தில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் ஓடியவர்தான். ஆனால் உதவி கேட்டு வருகிற குரலுக்கு ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டால், அடுத்தவர் கஷ்டம் தீர்ந்துபோனதில் சந்தோஷப்படுவதற்கு மனசு மறந்துவிடுகிறது. ஆண்டவன் நம்மைச் சோதிப்பது பெரும்பாலும் இப்படிச் சின்ன இடத்தில்தான்.

மாசி மகம் வந்தது. அதோடு ஒரு ஆர்டருக்கான வாய்ப்பும் வந்தது.

கோயம்புத்தூரில் கொலு பொம்மைக் கடை வைத்திருக்கும் ஒருவர் மகத்துக்கு விருத்தகிரீஸ்வரரைத் தரிசிக்க வருகிறார். அப்படியே கூடத்துக்கும் வந்து, அமுதவள்ளி செய்துவைத்திருக்கும் சுவாமி ஊர்வல செட்டைத் திரையில் பார்ப்பார். வாகனம், குடை, தீவட்டி, நாதஸ்வரக்காரர்கள், பின்னால் கூட்டம் என்று எல்லாம் ஒன்றாக நகர வேண்டும். பிடித்துவிட்டால் அவள் பட்டறையில் ஆடி மாசம்வரை சூளைக்கு ஓய்வில்லை. பிடிக்காவிட்டால் போன வருஷம் மாதிரி பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பதினோரு மணி என்று முடிவாகியிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பிரியம்வதா பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு நான் வர மாட்டேன். எங்க ஊர்ப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடலுக்கு எழுந்தருள்றார். அப்பாவுக்குக் குடை பிடிக்கிற கைங்கரியம், நாங்க எல்லாரும் கூடப் போறோம். அமுதாக்காவுக்கு அந்த மீதி நாலையும் நீங்க ஏத்திடறேளா?"

"நீயே பண்ணிட்டுப் போயேன். ஒனக்குத் தெரியாததா?"

அவள் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு அவருடைய இடத்திலேயே குனிந்து, அமுதவள்ளி பெயருக்கு நேரே இரண்டை ஆறாக்கினாள். "போயிட்டு வரேண்ணா. பிரசாதம் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஐந்தரை மணிக்கு எல்லோரும் போனபிறகு நிலவன் அந்த ஆறைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனசு மெதுவாகப் பேசியது. இதை இரண்டாக்கிவிட்டால் நாளைக்கு ஊர்வலம் பாதியில் நிற்கும். நின்றதும் கூப்பிடுவார்கள். நாம் போய் மறுபடி ஆறாக்குவோம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம். யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பெண் வைத்த வரம்பும் ஆடும் என்று நாலு பேர் தெரிந்துகொள்ளட்டுமே.

அவர் ஆறை இரண்டாக்கினார். பூவராகன் வந்து கூடத்தைப் பூட்டிக்கொண்டு, சாவியோடு கோயிலுக்குப் போனார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பொதுச் சூளை. சொந்தச் சூளை இல்லாதவர்கள் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து அதில் சுட்டுக்கொள்வார்கள். சூளைக்காரர் பாண்டியன், சூளைக்குள் தள்ளிவிடும் வண்டியில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டு தட்டாக, இடைவெளி பார்த்து, ஒன்றோடொன்று உரசாமல். மேல் தட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு முழ இடம் காலியாக இருந்தது. அந்த நேரம் பூவாயி என்ற பெண் இடுப்பில் கூடையோடு வேகமாக வந்தாள். வீட்டிலேயே பிடித்த பீங்கான் அகல்கள், ஒரு கூடை.

"வண்டி போயிட்டுதோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு ஓடியாந்தேன்."

"போயிருக்கும். ஒனக்குன்னுதான் மூலை வெச்சிருக்கேன். எடு, எடு" என்று பாண்டியன் கை நீட்டினார்.

நிலவன் சும்மா கேட்டுவைத்தார்: "அந்த மூலை யாருக்குன்னு சங்கத்துல சொல்லிடுவாங்களா?"

"சங்கத்துக்கு என்னா தெரியும்?" பாண்டியன் சிரித்தார். "எவன் எவன் வூட்டுல என்ன நெலமைன்னு எனக்குத்தான் தெரியும். அடுக்கறத எந்தப் பயலும் அடுக்கிடுவான். இந்த மூலைய யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியறதுக்குத்தான்யா என்னைய வெச்சிருக்காங்க."

நிலவன் நின்ற இடத்திலேயே நின்றார். 'மீதி ஒங்க கையிலண்ணா' என்று அவள் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

திரும்பி ஓடினார். கூடம் பூட்டிக் கிடந்தது. பூவராகன் போனை எடுக்கவில்லை. கோயிலில் அந்தக் கூட்டத்தில் எங்கே கேட்கும்? கோயிலுக்கே போனார். பூவராகன் கண்ணில் படவில்லை. படி இறங்கி ஆழத்துப் பிள்ளையார் முன்னால் நின்றார். எப்போதும் வேண்டிக்கொள்ள நாலு விஷயம் வைத்திருப்பவருக்கு அன்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. 'காலையில முதல் வேலையா மாத்திடுறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் தேர் வீதிக் கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள் எட்டரை ஆகிவிட்டது. அமுதவள்ளி அதற்கு முன்பே வந்து, நெற்றியில் திருநீறோடு தன் இடத்தில் உட்கார்ந்து குடைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிலவன் அவளைப் பார்க்காமலே ஏசி அறைக்குள் நுழைந்தார். இரண்டை ஆறாக்கினார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. கடவுள் காப்பாற்றினார் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினோரு மணிக்கு கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மோர் கொடுத்தார்கள். எல்லோரும் அமுதவள்ளியின் மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் ஊர்வலத்தைத் திறந்தாள். குடை வந்தது. வாகனம் வந்தது. நாதஸ்வரக்காரர்கள் வந்தார்கள். தீவட்டி வரும்போது திரை ஒருமுறை விக்கியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர், "திரையிலயே நகர மாட்டேங்குது, எங்கடைக்கு எப்புடிங்க வந்து சேரும்?"

யாரும் சிரிக்கவில்லை. அமுதவள்ளியின் குரல் உடைந்து வந்தது.

"நெலவண்ணே!"

எத்தனை நாள் காத்திருந்த குரல். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

ஓடிப்போய் ஏசி அறைத் திரையைப் பார்த்தார். அமுதவள்ளி பெயருக்கு நேரே ஆறு என்றுதான் காட்டியது. பிறகு ஏன் நிற்கிறது? அவருக்குப் புரியவில்லை. பின்னாலேயே வந்த பூவராகனும் எட்டிப் பார்த்தார்.

"ஆறுன்னு போட்டிருக்குது, ஆனா ஓடல. அந்தப் பொண்ணு என்னத்தையோ வெச்சிட்டு ஊருக்குப் போயிட்டுது பாரு. பழசே போதும்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

"அண்ணன் காலத்துல நின்னாலும் ரெண்டு நிமிஷத்துல வந்துடும்" என்றான் சேரன்.

ஒரு மாசமாக நிலவன் கேட்க ஏங்கிய சொல் அது. இப்போது அது வந்து சேர்ந்தபோது, எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பிரியம்வதாவுக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்க வேண்டும் என்று பூவராகன் ஸ்பீக்கரை அழுத்தினார். கடற்காற்றுக்கும் மேளத்துக்கும் ஜனங்களின் கோவிந்தா கோஷத்துக்கும் நடுவே அவள் குரல் கேட்டது.

"ஆறு காட்டறதாண்ணா? அப்போ அக்கா காலைல உள்ள வரப்பவே ஆறு கெடச்சிருக்கணுமே. உள்ள வர்ற நேரத்துல என்ன இருக்கோ அதுதான் கடைசிவரைக்கும். நடுவுல மாத்தினா ஏறாது, வெளிய போயிட்டு மறுபடி வரணும்." சற்று நிறுத்தினாள். மேளம் மட்டும் கேட்டது. "நேத்து கிளம்பற அவசரத்துல நான்தான் சரியா சேமிக்காம வந்துட்டேன் போலருக்குண்ணா. அக்காகிட்ட சொல்லுங்கோ, தப்பு என்னோடதுன்னு. அக்கா, மன்னிச்சுக்கோங்கோ."

எட்டரை மணிக்கு அவர் ஆறாக்கினார். எட்டு மணிக்கே அமுதவள்ளி உள்ளே வந்துவிட்டாள், இரண்டோடு. திரையில் ஆறு என்று இருப்பது நிலவனுக்குச் சாட்சி. அந்தப் பெண்ணே வலிய வந்து பழியை ஏற்றுக்கொண்டாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வெயில் பட்ட பனி மாதிரி எல்லாம் போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமுதவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

"ஒன் தப்பு இல்லம்மா" என்றார் நிலவன். தன் குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது. "நீ சரியாத்தான் வெச்சிட்டுப் போன. சாயங்காலம் நாந்தான் கொறச்சேன். வேணும்னேதான் கொறச்சேன். காலைல வந்து ஏத்தினேன், ஆனா அமுதா அதுக்கு முன்னாடியே வந்திடுச்சு."

பூவராகன் திரும்பி, கண்ணாடி வழியே அமுதவள்ளியைப் பார்த்தார்.

போனில் பிரியம்வதா சொன்னாள்: "அப்போ ஒண்ணும் பயமில்லைண்ணா. அக்கா லாக்ஆஃப் பண்ணிட்டு திரும்ப உள்ள வந்தா போதும். ஆறும் கெடச்சுடும். பெருமாள் இப்பதான் கடல்ல எறங்கறார், நான் வெச்சுடறேன்."

நிலவன் வெளியே வந்தார். "அமுதா, வேலைய சேமிச்சு வெச்சிருக்கியா? அந்தத் திரை இனிமே அசையாது, மூடித்தான் ஆகணும்."

"வெச்சிருக்கேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அறைக்குள் பேசியது கதவு வழியே வெளியே கேட்டிருந்தது. "ஒங்க காலத்துப் பழக்கம்ணே. எப்ப நிக்குமோங்கற பயத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி கை தானா சேமிச்சிடும்."

அவள் வெளியேறி மறுபடி உள்ளே வந்தாள். கோயம்புத்தூர்க்காரர் இரண்டாவது டம்ளர் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். குடை, வாகனம், நாதஸ்வரம், தீவட்டி. விக்கவில்லை. கடைசியாகக் கூட்டமும், கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்த குழந்தையும் நகர்ந்து வந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கொழந்தைக்குக் கைல ஒரு பலூன் குடுங்க. சுட்டு ஒரு செட் அனுப்புங்க, பார்த்துட்டு மொத்தமா சொல்றேனுங்க."

அவர் கிளம்பிப் போனபிறகு கூடத்தில் யாரும் நிலவனிடம் பேசவில்லை. அவர் ஏசி அறைக்குள் போய், மேசை டிராயரிலிருந்த தன் சாமி படத்தையும் டிபன் டப்பாவையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். பாஸ்வேர்டைப் பூவராகனிடம் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தபோது கதவு திறந்தது. அமுதவள்ளி. கையில் டீ டம்ளர்.

"ஏண்ணே" என்றாள், "கூப்புடணும்னு இருந்தா சொல்லியிருக்கக் கூடாதா? சும்மாவே கூப்ட்டிருப்போமே."

நிலவன் பையிலிருந்து கையை எடுத்தார்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. போகல. பத்து நாளாவது ஆவும். டீ மட்டும் ஆறிடும், குடிங்க." டம்ளரை வைத்துவிட்டு, பையிலிருந்த சாமி படத்தை எடுத்து மறுபடி மேசைமேல் நிறுத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பிரியம்வதா வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. துளசியும் சர்க்கரைப் பொங்கலும் வைத்த வாழை இலைப் பொட்டலத்தை நேராக அவரிடம் கொண்டுவந்து நீட்டினாள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அந்த மீதிய இனிமே நீயே வெச்சுக்கம்மா. எனக்கு அதுக்கு யோக்கியதை இல்ல."

"எனக்கு இங்க யாரு என்ன வேலை பண்றா, யாருக்கு எப்போ அவசரம்னு ஒண்ணும் தெரியாதேண்ணா" என்றாள் அவள், சாதாரணமாக. "அது ஒங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் ஒங்க சீட்டுல வெச்சேன். லாக்ஆஃப் பண்ணாதான் ஏறும்ங்கறத அன்னிக்கே சொல்லாம விட்டது மட்டும் என் தப்பு. உக்காருங்கோ, எல்லாத்தையும் ஒரு தடவ காட்டிடறேன்."

நிலவன் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

திங்கட்கிழமை காலை, யாரும் சர்வருக்குள் நுழைவதற்கு முன்பே அவர் கூடத்துக்குள் வந்தார். மேசை மேசையாக நின்று, இன்றைக்கு என்ன உருவம், எவ்வளவு பெரிசு என்று கேட்டுக்கொண்டே போனார். ஃபியூஸ் கட்டைக்கு வேண்டாம். கோப்பைக்கு வேண்டாம். அமுதவள்ளி பலூன் செய்கிறாள், அவளுக்கு ஒன்று. சேரன் பக்கம் வந்தபோது அவன் கண்ணைச் சிமிட்டினான்.

"என்னாண்ணே, இன்னிக்கு யாருமே கூப்புடலியே?"

"கூப்புட்டாத்தான் வரணுமா? சொல்லு, ஒனக்கு எவ்வளவு வேணும்?"

"நாலும் குடுங்க."

"ஃபிளவர் வாஸுக்கா? ரெண்டே ஜாஸ்திடா ஒனக்கு" என்று சொல்லிக்கொண்டே நிலவன் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.